ஒரு மூச்சின் நீளம்

வயலின் வாசிப்பவர் விரும்பினால் வில்லை முன்னும் பின்னுமாக மாற்றி இழுத்து ஒரே சுரத்தை எவ்வளவு நேரமும் நீட்டிக்கொண்டு போகலாம். கோவிலில் ஒலிக்கும் ஆர்மோனியத்துக்குத் துருத்தி உண்டு. கட்டையின்மேல் விரல் இருக்கும்வரை அது பாடிக்கொண்டே இருக்கும். துளைக்கருவி வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் ஊதுகிறார், நெஞ்சில் இருந்த காற்று தீர்கிறது, இசை எந்த உயரத்தில் இருந்தாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு மூச்சை உள்ளிழுத்தாக வேண்டும். புல்லாங்குழலானாலும் மேலைநாட்டுக் கிளாரினெட்டானாலும் நியதி ஒன்றுதான். இதைக் குறையென்று கருதி மறைக்க முயன்றவர்கள் உண்டு. இதையே காலத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்ட இசையமைப்பாளர்களும் இருபதாம் நூற்றாண்டில் தோன்றினார்கள். அவர்களுடைய இசையை முன்வைத்து ஒரு கேள்வியைச் சற்றே எண்ணிப்பார்க்க விரும்புகிறோம்: பலர் கூடிச் செய்யும் ஒரு செயலில், காலம் யாருடைய அளவின்படி நகரவேண்டும்? சென்ற தவக்காலத்தில் ஓர் அன்பியக் கூட்டத்தில்தான் இந்தக் கேள்வி நமக்கு எழுந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

சிலர் மட்டும் கூடி, ஆளுக்கொரு கருவியாக வாசிக்கும் இசையை மேலைநாட்டார் 'சேம்பர் இசை' என்பர். அறைக்குள் வாசிக்கத்தக்கது என்று பொருள். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் கோல் பிடித்த நடத்துநர் ஒருவர் முன்னின்று காலத்தைக் காட்டுவார். சேம்பர் இசையில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இல்லை. ஐந்து துளைக்கருவியாளர் ஒன்றாகத் தொடங்க வேண்டுமானால் ஒருவர் தலையைச் சிறிதே உயர்த்தி மூச்சை இழுப்பார். அந்த மூச்சின் வேகத்திலேயே வரப்போகும் காலப்பிரமாணம் மற்ற நால்வருக்கும் விளங்கிவிடும். முன்வரிசையில் இருந்து கேட்டால் முதல் சுரத்துக்கு முன்னரே அந்த மூச்சொலி நம் காதில் விழும். 1815-இல் மெல்ட்செல் மெட்ரோனோம் என்னும் தாளக் கருவிக்கு உரிமம் பெற்றபின், காலப்பிரமாணத்தை நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று எண்ணால் எழுதிவைக்கும் வழக்கம் வந்தது. அதிலிருந்து, மூச்சு ஒரு காலத்தையும் கடிகாரம் இன்னொரு காலத்தையும் சொல்லத் தொடங்கின.

இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க நமக்குக் கற்றுத் தந்தவர் தூய அகுஸ்தினார். 387-ஆம் ஆண்டு ஒஸ்தியாவில் தம் அன்னை மோனிக்காவை அடக்கம் செய்த அவர், கண்ணீரை அடக்கிக்கொண்டு அன்றைய பகலைக் கழித்தார். பின்னர் உறங்கி விழித்துப் படுக்கையில் தனித்திருந்தபோது, தமக்குத் திருமுழுக்கு அளித்த ஆயர் அம்புரோசியார் இயற்றிய மாலைப்பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. அனைத்தையும் படைத்த இறைவனை விளிக்கும் பாட்டு அது. அதை நினைத்தபின்தான் அவரால் அழ முடிந்தது. இதைத் தம் வாழ்க்கையை இறைவன்முன் அறிக்கையிடும் நூலின் 9-ஆம் பகுதியில் எழுதுகிறார். அதே நூலின் 11-ஆம் பகுதியில், காலம் என்றால் என்ன என்று தம்மையே வாட்டிக் கேட்டுக்கொள்ளும் இடத்தில், எடுத்துக்காட்டாக அவர் கையாள்வதும் அந்தப் பாட்டின் முதல் அடியைத்தான். அதில் குறில் ஒன்று நெடில் ஒன்றாக எட்டு அசைகள். நெடில் குறிலைப்போல் இரு மடங்கு என்று எப்படி அறிகிறோம்? ஒலித்து முடியாததை அளக்க முடியாது. முடிந்துவிட்டதோ இப்போது இல்லை. ஆகவே நாம் அளப்பது வெளியே ஓடும் எதையும் அன்று, உள்ளத்தில் அது விட்டுச்சென்ற பதிவையே என்ற முடிவுக்கு அவர் வருகிறார். தாயை இழந்த இரவில் துணைநின்ற பாட்டையே காலத்தின் அளவுகோலாகவும் அவர் எடுத்துக்கொண்டது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

தமிழ் இலக்கணத்திலும் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பதே மாத்திரைக் கணக்கு. அந்த ஒரு மாத்திரைக்குத் தொல்காப்பியர் தரும் அளவு என்ன? இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது கைவிரலை நொடிக்கும் நேரம். உடலைக்கொண்டே காலம் அளக்கப்பட்டது. முதியவரின் இமையும் குழந்தையின் இமையும் ஒரே வேகத்தில் மூடித் திறக்குமா என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி இசைக்கு வருவோம். பிரான்சு நாட்டின் ஒலிவியே மெஸ்ஸியான் 1931 முதல் 1992-இல் தாம் இறக்கும்வரை பாரிஸ் நகரின் மூவொரு கடவுள் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஆழ்ந்த கத்தோலிக்கர். இரண்டாம் உலகப்போரில் 1940 ஜூனில் செர்மானியரிடம் கைதியாகிக் கேர்லிட்ஸ் நகரின் சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். முகாம் இருந்த இடம் இன்று போலந்து எல்லைக்குள் இருக்கிறது. அங்கே அவருக்கு மூன்று இசைஞர்கள் கிடைத்தார்கள்: ஒரு வயலின், ஒரு செல்லோ, ஒரு கிளாரினெட். தாம் பியானோவில் அமர, நால்வருக்கும் சேர்த்து அவர் எழுதிய படைப்பு 1941 ஜனவரி 15 அன்று, பனிக்காலக் குளிரில், கைதிகள் முன்னிலையில் அரங்கேறியது. 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை' என்பது அதன் பெயர். கேட்டவர்கள் ஐயாயிரம் பேர் என்றும், செல்லோவில் மூன்று தந்திகளே இருந்தன என்றும் மெஸ்ஸியான் பின்னாளில் சொல்லிவந்தார். சில நூறு பேர்தான் இருந்தார்கள் என்றும், தந்திகள் நான்கும் சரியாகவே இருந்தன என்றும் உடன் வாசித்தவர்கள் திருத்தினார்கள். நினைவு தானே பெரிதாக்கிக்கொண்டது போலும். சில நூறு பேர் என்பதால் அந்த மாலையின் பெருமை குறைந்துவிடாது.

திருவெளிப்பாட்டின் 10-ஆம் அதிகாரத்தில் கடல்மீதும் நிலத்தின்மீதும் கால் ஊன்றிய வானதூதர் கையுயர்த்தி அறிவிக்கும் செய்தியிலிருந்து இப்படைப்பின் தலைப்பு வந்தது. இனிக் காலமே இராது என்று மெஸ்ஸியான் கையாண்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அதைச் சொன்னது. இன்றைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது இனித் தாமதம் இராது என்ற பொருளில் வருகிறது. அறிஞர்கள் இரண்டாவதையே சரியென்பர். ஆனால் கைதி ஒருவனுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள் ஆகுமா என்று நாம் ஐயுறுகிறோம்.

இப்படைப்பின் எட்டுப் பகுதிகளில் மூன்றாவது, கிளாரினெட்டுக்கு மட்டுமே உரியது. மற்ற மூவரும் வாளாவிருப்பர். 'பறவைகளின் பாதாளம்' என்று அதற்குப் பெயர். பாதாளம் என்பது சோர்வும் துயரும் நிறைந்த காலம். பறவைகள் அதற்கு எதிரான ஒளிவேட்கை என்று மெஸ்ஸியானே விளக்கம் எழுதியிருக்கிறார். மிக மெதுவான நடை. இடையிடையே ஒரே சுரம், இருக்கிறதோ இல்லையோ என்னும் மென்மையில் தொடங்கி, ஒரே மூச்சில் வளர்ந்து வளர்ந்து, காதைத் துளைக்கும் அளவுக்குப் பெருத்து அறுந்து நிற்கும். இதை வாசித்தவர் ஆன்ரி அகோக்கா என்னும் யூத இளைஞர். இவ்வளவு நீண்ட சுரத்தை ஊத யாரால் முடியும் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே பயின்றாராம். அரைவயிற்றுக் கஞ்சி குடித்த உடலின் மூச்சு அது. அந்தச் சுரம் எவ்வளவு நேரம் நீளும் என்பதற்குத் தாளில் ஒரு கணக்கு உண்டு. ஆயினும் முகாமில் அதை முடிவுசெய்தது அகோக்காவின் நுரையீரல். பின்னர் அதே 1941-இல் ஓடும் இரயிலிலிருந்து குதித்து அவர் தப்பியபோது, கிளாரினெட்டையும் கையோடு கொண்டுபோனார்.

தாளம் பற்றி இங்கே ஒரு சொல். இராணுவ அணிநடைக்கு ஊதப்படும் இசையில் லயமே இல்லை என்பது மெஸ்ஸியான் பிற்காலத்தில் வலியுறுத்திய கருத்து. சம அளவில் விழும் காலடிகள் இயற்கையில் எங்கும் இல்லை என்பார். எனவே ஒழுங்கான தாளத்தில் எங்கேனும் ஓர் அரைமாத்திரையைக் கூட்டிச் சேர்த்து, அதை நொண்டவைப்பது அவர் வழக்கம். வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணும் முகாமில் இருந்துகொண்டு அவர் இதைச் செய்தார் என்பதை மறக்கலாகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் கூறும் 120 தேசி தாளங்களையும் அவர் அறிந்திருந்தார். இந்த நால்வரிசையின் முதற்பகுதியில் பியானோவின் தாளக்கட்டு அவற்றுள் மூன்றை இணைத்து அமைந்தது. அதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பிரெஞ்சு இசைக் களஞ்சியத்தில் அச்சான அட்டவணையில்தான் அவற்றை அவர் கண்டெடுத்தார். அவற்றைக் கையில் போட்டுக் காட்டும் ஆசிரியர் யாரையும் அதற்காகத் தேடிப் போகவில்லை.

மெஸ்ஸியானின் வகுப்பில் 1952-இல் அமர்ந்த செர்மானிய இளைஞர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன். அக்காலத்தில் அவரும் பற்றுள்ள கத்தோலிக்கர். பின்னாளில் திருச்சபையை விட்டு விலகித் தனக்கென ஒரு சமயச் சிந்தனையை வகுத்துக்கொண்டார். 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் அவர் ஒரே வேளையில் இரண்டு வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். ஒன்று, கொலோன் வானொலி நிலையத்தில், தானியேல் நூலில் தீச்சூளையின் நடுவே மூன்று இளைஞர் பாடும் புகழ்ப்பாவை ஒரு சிறுவனின் குரலோடும் மின்னணு ஒலிகளோடும் நாடாவில் உருவாக்குவது. அங்கே காலம் என்பது நீளம். நொடிக்கு 76.2 சென்டிமீட்டர் ஓடும் நாடாவைக் கத்தரித்து ஒட்டினால், நொடியின் சிறு கூற்றையும் பிழையின்றி அளந்துவிடலாம். மனிதக் கை எதுவும் வாசிக்க இயலாத தாளங்களை அங்கே அமைக்கலாம். காலத்தின்மீது அவ்வளவு முழுமையான ஆட்சி அதற்கு முன் எந்த இசையமைப்பாளருக்கும் கிட்டியதில்லை.

மற்றொரு வேலை, ஐந்து துளைக்கருவிகளுக்கு ஓர் இசை எழுதுவது: புல்லாங்குழல், ஓபோ, அதைவிடத் தாழ்ந்த குரலுடைய இங்கிலீஷ் ஹார்ன், கிளாரினெட், பாசூன். 'ட்ஸைட்மாஸே' என்று அதற்குப் பெயரிட்டார். செர்மன் மொழியில் காலப்பிரமாணத்துக்கு வழங்கும் சொல்லே அது; பிரித்துப் பார்த்தால் 'கால அளவுகள்' என்றாகும். இதில் காலம் ஐந்து வகையில் அளக்கப்படுகிறது. முதல் வகை மெட்ரோனோம் அளவு: நிமிடத்துக்கு 60 துடிப்பு முதல் 120 வரை, ஒரு ஸ்தாயிக்குள் பன்னிரண்டு சுரத்தானங்கள் இருப்பதுபோலப் பன்னிரண்டு படிகள். இது கடிகாரக் காலம். மற்ற நான்கிலும் கடிகாரம் இல்லை. ஓரிடத்தில், முடிந்தவரை வேகமாக வாசிக்கவேண்டும் என்று எழுதியிருக்கும். விரலும் நாவும் எவ்வளவு விரையுமோ அவ்வளவு. வேறிடத்தில் மிக விரைவாகத் தொடங்கி மெல்ல மெல்லத் தளரவேண்டும். இன்னோரிடத்தில் மெதுவாகத் தொடங்கி முடுகவேண்டும். ஐந்தாவது வகையில்தான் நாம் வியந்து நிற்கிறோம். முடிந்தவரை மெதுவாக, ஆனால் ஒரே மூச்சில். அதாவது, இத்தனை சுரங்கள் ஒரு கொத்து. வாசிப்பவர் மூச்சை நிரப்பிக்கொள்கிறார். அந்த ஒரே மூச்சு கொத்து முழுவதையும் தாங்கும் அளவுக்கு எவ்வளவு மெதுவாகப் போகலாமோ அவ்வளவு மெதுவாகப் போகவேண்டும். மார்பு அகன்றவருக்கு ஒரு நீளம். மெலிந்தவருக்கு வேறு நீளம். இன்றைக்கு ஒன்று, சளிபிடித்த நாளில் ஒன்று.

நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காலத்தை ஆண்ட அதே மனிதர், அதே மாதங்களில், காலத்தின் ஒரு பகுதியை இன்னொருவரின் நெஞ்சுக்கூட்டுக்கு விட்டுக்கொடுத்தார். ஏன் என்பதற்கு அவரே எழுதிய விளக்கங்கள் கணிதமும் இயற்பியலுமாகக் கடினமானவை. அவற்றுள் நாம் புகவில்லை. இசையைக் கேட்கும்போது தெரிவதை மட்டும் சொல்வோம். சில இடங்களில் ஐவரும் ஐந்து காலங்களில் போகிறார்கள். ஒருவர் மூச்சடக்கி நடக்க, இன்னொருவர் பாய்ந்தோட, மூன்றாமவர் தளர்ந்துவர, எல்லாம் ஒரே வேளையில். பிறகு ஓர் இடத்தில் கூடவேண்டும். ஓடி முடித்தவர் அங்கே காத்திருக்கிறார். எதற்காக? மெதுவாக வரும் மூச்சு தானாக முடிவதற்காக. எண்ணிக்கொண்டு காத்திருக்க முடியாது, ஏனெனில் எண்ணிக்கை இல்லை. காதுகொடுத்துத்தான் காத்திருக்கவேண்டும். ஏறத்தாழக் கால்மணி நேரம் நீடிக்கும் இந்த இசை இனிமையானது என்று நாம் சொல்லமாட்டோம். முதல்முறை கேட்டபோது பாதியில் நிறுத்திவிட்டோம். பழகிய செவிக்கும் அது ஐந்து பறவைகள் ஒரே மரத்தில் சச்சரவிடுவதுபோல் தோன்றும் இடங்கள் பல. ஆயினும் அந்தக் காத்திருக்கும் இடங்கள் மனத்தைவிட்டு அகலவில்லை.

அன்பியக் கூட்டத்துக்கு வருவோம். சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளியன்று, தெருவில் ஒரு வீட்டில் பதினைந்து பேர்போல் கூடியிருந்தோம். செபமாலையை முன்னின்று சொன்னவர் நாமே. எட்டரை மணிக்குள் முடித்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு மறுநாள் தேர்வு. கூட்டத்தில் இழுப்பு நோயால் அவதியுறும் பாட்டி ஒருவர் இருந்தார். மங்கள வார்த்தை செபத்தின் பின்பாதியை எல்லாரும் ஒரே மூச்சில் சொல்லிவிட, அவர் மூன்று மூச்சில் சொல்வார். எல்லாரும் முடித்து, நாம் அடுத்த மணியைத் தொடங்கியபின்னும் அவருடைய குரல் தனியே கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டாம் பத்து மணி முடிந்ததும் அவ்வீட்டு மருமகள் சற்றுக் கூச்சத்துடன், "பாட்டி, எல்லார்கூடவும் சேர்ந்து சொல்லுங்க" என்றார். பாட்டி கோபப்படவில்லை. "சேர்ந்துதாம்மா சொல்றேன். நீங்கதான் முன்னால போயிடுறீங்க" என்றார்.

சிலர் சிரித்தோம். செபமாலை தொடர்ந்தது, எட்டரைக்கு முடிந்தது. இரவு வீடு திரும்பியபின்தான் ஒன்று உறைத்தது. அந்தச் செபத்தின் கடைசிச் சொற்கள் நம் இறப்பின் வேளைக்காக வேண்டுபவை. ஐம்பது தடவையும் அவர் அந்தச் சொற்களைத் தனியாகவே சொல்லியிருக்கிறார், நம் குரலின் அடியில் மிதிபட்டபடி. அங்கே இருந்தவர்களுள் அவ்வேளைக்கு மிக அருகில் இருப்பவர் அவர்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆளுக்கொரு வேகத்தில் போனால் பொதுச்செபம் என்று ஒன்று இருக்குமா? பாடகர் குழுவை நடத்தும் எவரையும் கேளுங்கள்: பின்னே இழுப்பவர் ஒருவர் இருந்தால் பாட்டே சரிந்துவிடும் என்பார். சுதந்திரம் தந்தால் அது சோம்பலுக்கும் தன்விருப்பத்துக்கும் இடமாகிவிடும் என்பார். இதற்கு இசையுலகிலேயே ஒரு சான்று இருக்கிறது. இத்தாலியரான லூச்சானோ பேரியோ 1958-இல் தனிப் புல்லாங்குழலுக்கு ஓர் இசை எழுதினார். அதில் தாளக் குறிகளை விட்டுவிட்டு, தாளில் சுரங்களுக்கு இடையே உள்ள தொலைவே கால இடைவெளி என்று அமைத்தார். நெருக்கமாக இருந்தால் விரைவு, விலகியிருந்தால் நிதானம். வாசிப்பவரின் கண்ணையும் மூச்சையும் நம்பிச் செய்த ஏற்பாடு. ஆண்டுகள் போகப்போக, வாசிப்பவர்கள் அந்த நம்பிக்கையைத் தம் வசதிக்கு வளைத்துக்கொண்டார்கள். கடைசியில் 1992-இல் பேரியோ அதே இசையை வழக்கமான தாளக் குறிகளோடு திருத்தி எழுதி வெளியிட்டார். கொடுத்த காலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆனால் பேரியோவின் புல்லாங்குழலர் தனியாள். அவருக்காகக் காத்திருப்பவரும் இல்லை. அவர் காத்திருக்க வேண்டியவரும் இல்லை. ஸ்டாக்ஹவுசனின் ஐவருக்கோ அந்தத் தப்புவழி கிடையாது. மெதுவாக வருபவர் வேண்டுமென்றே இழுக்க முடியாது. மூச்சு முடிந்தால் அவர் முடித்தாக வேண்டும். மூச்சுக்கு எல்லை உண்டு என்பதாலேயே அதைப் பிறர் நம்பிக் காத்திருக்கலாம். பாட்டியின் தாமதத்துக்கும் அத்தகைய எல்லை இருந்தது. அவர் மூன்று மூச்சுக்கு மேல் எடுக்கவில்லை.

அமெரிக்கரான எலியட் கார்ட்டர் 1949, 1950-இல் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பாசூன் ஆகிய நான்குக்கும் எட்டுப் பயிற்சிகளும் ஒரு நெடும்பகுதியும் கொண்ட படைப்பு ஒன்றை எழுதினார். ஏழாம் பயிற்சியில் இருப்பது ஒரே ஒரு சுரம். நால்வரும் அந்த ஒன்றையே மாறி மாறி வாசிக்கிறார்கள். மாறுவது குரலின் நிறமும் வலிமையும் மட்டுமே. மூன்றாம் பயிற்சியில் அசையாது நிற்கும் ஒரே சுரக்கூட்டு. ஒருவர் மூச்சு தீர்வதற்குள் இன்னொருவர் சந்தடியின்றி உள்ளே நுழைந்து அந்த ஒலியைத் தாங்கிக்கொள்கிறார். முதலாமவர் விலகி மூச்செடுக்கிறார். எங்கே கைமாறிற்று என்று கேட்பவருக்கு எளிதில் புலப்படாது. இங்கே நம்மை உறுத்தியது இதுதான்: செபமாலையிலும் நாம் அதையேதான் செய்தோம். முந்தியவர் முடிக்குமுன் நாம் தொடங்கினோம். கார்ட்டரின் இசையில் அப்படி முந்தித் தொடங்குவது, தளர்ந்தவருக்கு ஓய்வு தருகிறது. நம் செபத்தில் அது அவர் வாயை மூடிற்று. செயல் ஒன்றாகவே இருக்கிறது. மென்மையாக நுழைவதற்கும் உரக்க நுழைவதற்கும் இடையில்தான் எல்லாம் மாறிவிடுகிறது. உரக்கத் தொடங்குபவர் உண்மையில் மற்றவரைக் கேட்கவே இல்லை, கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மூச்செடுக்கும் இடைவெளியையே ஒழித்துவிடும் வித்தையும் உண்டு. கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளிழுப்பது. நாகசுரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்துக்காரர் கச்சேரி முழுவதும் ஒலி அறாமல் ஊதுவது இப்படித்தான். பேரியோ 1995-இல் பாசூனுக்கு எழுதிய இசையும் இந்த வித்தையைக் கேட்கிறது. கேட்கும்போது வியப்புத் தோன்றுகிறது. சற்று நேரத்தில் நமக்கே மூச்சுமுட்டுவதுபோல் இருக்கிறது. ஒத்துக்காரரின் செய்தி வேறு. அவர் அறாமல் ஊதுவதால்தான் நாகசுரக்காரர் நிறுத்தி மூச்செடுக்க முடிகிறது. மேடையில் அவரை யாரும் கவனிப்பதில்லை.

திருச்சபைக்கு இது புதிய பாடமும் அன்று. துறவு மடங்களில் திருப்பாடல்களை இரு அணியாகப் பிரிந்து சொல்லும்போது, ஒவ்வோர் அடியின் நடுவிலும் ஒரு நிறுத்தம் உண்டு. எல்லாரும் மூச்செடுத்துக்கொள்வதற்கு. அந்த மௌனத்தைச் சுருக்குபவரை மடத்தில் எவரும் மெச்சமாட்டார்கள். அதைவிடத் தூய பெனடிக்டின் ஒழுங்குநூலில் 43-ஆம் அதிகாரம் நமக்கு மிகவும் பிடிக்கும். தாமதமாக வரும் துறவியரை என்ன செய்வது என்பது அங்கே பொருள். தண்டனை உண்டு, கடைசி இடத்தில் நிற்கவேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு சலுகை: இரவுச் செபத்தின் தொடக்கத்தில் வரும் 95-ஆம் திருப்பாடலை (அவருடைய இலத்தீன் எண்ணிக்கையில் 94) மிக மெதுவாக, இழுத்து இழுத்துச் சொல்லவேண்டும் என்கிறார். அதன் இறுதிப் புகழுரைக்குள் உள்ளே வந்துவிட்டவர் தாமதமானவர் ஆகார். ஒழுங்கில் உறுதிமிக்க ஒரு மனிதர், உறக்கம் கலையாத சகோதரர் ஒருவர் படியேறி வருவதற்காக, ஒரு திருப்பாடலின் காலப்பிரமாணத்தையே மாற்றி அமைத்தார். வரவேண்டியவர் வந்துசேரும்வரை அந்தப் பாடல் அவருக்காக நீண்டுகொண்டிருந்தது. மெஸ்ஸியானின் வானதூதர் அறிவித்தது போன்ற தாமதமற்ற காலம் ஒருநாள் வரும். அதுவரை நம்மிடம் இருப்பது பெனடிக்டின் காலம்தான்.

நேரத்தை வீணாக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம், நல்ல அறிவுரைதான். திருப்பலி ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் நெளிகிறோம். அதிலும் ஓரளவு நியாயம் இருக்கலாம், மறையுரையைப் பொறுத்தவரை. ஆனால் மண்ணால் செய்த மனிதனின் நாசியில் இறைவன் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்கநூலில் வாசிக்கும்போது, அந்த மூச்சு ஆளுக்கொரு நீளமாக அளந்து தரப்பட்டது என்பதை நாம் எண்ணுவதில்லை. நீளமான மூச்சு கிடைத்தவர்களே எப்போதும் பொதுக்காலத்தை வகுக்கிறார்கள். முன்னின்று செபம் சொல்பவர்கள், கூட்டத்தை நடத்துபவர்கள், கட்டுரை எழுதுபவர்கள்.

அடுத்த வெள்ளியன்று, முதல் பத்து மணியைப் பாட்டியே முன்னின்று சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். முதலில் மறுத்தார், பிறகு செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு தொடங்கினார். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவர் நின்றபோது நாங்களும் நின்றோம். முதல் மூன்று மணிகளில் யாரோ ஒருவர் பழக்கத்தில் முந்திக்கொண்டார். பிறகு அதுவும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. பத்து மணிக்கும் சேர்த்து ஏறத்தாழ ஏழு நிமிடம் ஆயிற்று. அதற்குள் இருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர்களுள் ஒருவர் நாம்.